விபசனா போய் வந்து ஐந்து மாதம் ஆகிறது, அந்த எட்டாம் நாள் திரும்ப வரவே இல்லை

கட்டபெட்டுக்காரன் | சனி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். போன ஆகஸ்டில் சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்துக்குப் போய் பத்து நாள் விபசனா தியான முகாமை முழுசாக முடித்துவிட்டு வந்தேன்.

போய் வந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சு வந்து போவதை மட்டும் பார்க்க வேண்டும். நாலாம் நாள்தான் விபசனா, அதாவது தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை உடம்பில் என்ன தெரிகிறது என்று வரிசையாகக் கவனிப்பது. அதன் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் உட்கார வேண்டும். அதிட்டானம் என்பார்கள். முழங்கால் வலியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எட்டாம் நாள் மாலை அதே அதிட்டானத்தில் வலி முழுக்கக் கரைந்துபோனது. உடம்பு மொத்தமும் மெல்லிய துடிப்பாக, ஓடைத் தண்ணீர் ஓடுவது போல ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்த நாளிலிருந்து காலை 4:30க்கு எழுந்து ஒரு மணி நேரம் உட்காருகிறேன். அது திரும்ப வரவே இல்லை. இப்போது தை மாதப் பனி வேறு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் தலை தொங்கிவிடுகிறது. கோபமாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. போன வாரம் இலை எடை போடும் இடத்தில் ஈரம் என்று சொல்லி எடையில் கழித்தார்கள். நான் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள், “அப்பா, காலையில கண்ணை மூடி உட்கார்றீங்களே, அது எதுக்கு?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரவுச் சொற்பொழிவில் வேதனா, வேதனா என்று அடிக்கடி வந்தது. வேதனையைப் பார் என்று எடுத்துக்கொண்டு நானும் ஐந்து மாதமாக முழங்கால் வலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எவ்வளவு தாங்க வேண்டும்? எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

பர்லியார் வளைவு | சனி, இரவு 9:48

எனக்கும் இதே கதைதான் அண்ணா. முதல் முகாம் முடிந்து ஒரு வருடம் அந்தச் சுகத்தைத் தேடியே உட்கார்ந்தேன். அப்புறம் வெறுத்துப்போய் எட்டு மாதம் விட்டுவிட்டேன். நீங்கள் விடாமல் உட்காருகிறீர்களே, அதுவே பெரிய விஷயம். டூட்டி முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.

குன்னூர் தமிழாசிரியை | ஞாயிறு, காலை 6:25

தம்பி, நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியில்தான் முடிச்சு இருக்கிறது. நான் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள், உட்காரத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எனக்கும் இந்த ஒரு சொல் விளங்கவே வெகுநாள் ஆனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாலி மொழியின் வேதனாவும் நம் வேதனையும் ஒரே வேர்தான். ஆனால் தமிழில் புழங்கிப் புழங்கி அது வலி, துயரம் என்று சுருங்கிவிட்டது. புத்தர் சொன்ன வேதனாவில் மூன்று உண்டு. இதமானது ஒன்று, இதமில்லாதது ஒன்று, இரண்டிலும் சேராதது ஒன்று. முழங்கால் குத்துவது வேதனா. பனி விலகி முதல் வெயில் முதுகில் ஏறும்போது சுகமாக இருக்கிறதே, அதுவும் வேதனா. இதைப் படிக்கிற இந்த நிமிடம் உங்கள் காதுமடலில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை அல்லவா, அந்தச் சும்மா இருப்பதும் வேதனாதான். சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உரையில் கவனத்தை நிறுத்த நாலு இடம் சொல்லப்படுகிறது. உடல், வேதனா, மனம், தம்மங்கள் (மனத்தில் எழுபவை). இரண்டாவதை நாம் வலி என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கைப் பார்க்காமலே விட்டுவிடுவோம்.

இதற்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருந்திருக்கிறது. மணிமேகலையின் முப்பதாவது காதையில் அறவண அடிகள் சொல்லும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளைப் பாருங்கள். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். வேதனா வரவேண்டிய இடத்தில் சாத்தனார் நுகர்வு என்று வைத்திருக்கிறார். கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனம் என்று ஆறு வாயில். அதில் ஏதோ வந்து தொடுகிறது, அது ஊறு. தொட்டதும் இதம் என்றோ இதமில்லை என்றோ ஒரு ருசி தட்டுகிறது, அது நுகர்வு. ருசி தட்டிய அடுத்த கணமே “இன்னும் வேண்டும்” அல்லது “இது போகட்டும்” என்று மனம் தாவுகிறது, அது வேட்கை. அதன் பின்னால் பற்று, மற்றதெல்லாம்.

ஊறையும் நுகர்வையும் நாம் தடுக்க முடியாது. இலை எடையில் கழித்தார்கள், காதில் விழுந்தது, நெஞ்சில் சூடு ஏறியது. இது வரைக்கும் உங்கள் கையில் எதுவும் இல்லை. ஆனால் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு நூலிழை இடம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பழகத்தான் காலையில் உட்காருகிறோம். வலி வந்தால் வலியின் ருசியையும், அதை விரட்ட மனம் கிளம்புவதையும் பார்க்கிறோம். சுகம் வந்தாலும் அப்படியே.

இப்போது உங்கள் எட்டாம் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்தது ஓர் இதமான நுகர்வு. வந்தது, போனது. அதன்மேல் வேட்கை வைத்து ஐந்து மாதமாக நீங்கள் தினமும் ஒரு மணி நேரம் அந்த வேட்கைக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நான் குறை சொல்லவில்லை தம்பி, நானும் ஊற்றியிருக்கிறேன்.

அதே காதையில் “அநித்தம் துக்கம் அநான்மா அசுசி எனத் தனித்துப் பார்த்து” என்று வரும். நிலையில்லாதது, துக்கம், ஆன்மா இல்லாதது, தூய்மையில்லாதது என்று தனித்தனியாகப் பார்ப்பது. விபசனா என்ற சொல்லின் பொருளே ஏறக்குறைய அதுதான், பிரித்துப் பார்த்தல். வகுப்பில் எத்தனையோ முறை அந்த அடியை வாசித்துக் காட்டியிருக்கிறேன். நானே உட்கார்ந்து என் முதுகுவலி வேறு, அதைப் பற்றிய என் பயம் வேறு என்று ஒருநாள் தனித்துப் பார்த்தபோதுதான் அந்த அடி எனக்குள் இறங்கியது.

கட்டபெட்டுக்காரன் | ஞாயிறு, மதியம் 1:30

அம்மா, இதை மூன்று தடவை படித்தேன். “வேட்கைக்குத் தண்ணீர்” என்ற இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மைதான். உட்கார்ந்த உடனே மனம் முதலில் போவது “வந்துவிட்டதா, வந்துவிட்டதா” என்று பார்க்கத்தான்.

கொழுந்து | ஞாயிறு, மாலை 6:05

நான் முகாமுக்கெல்லாம் போனதில்லை, லீவு கிடைக்காது. ஆனால் இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் பாட்டி பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். பாட்டி சைவம், விபூதி பூசாமல் வெளியே போக மாட்டார். ஆனாலும் பௌர்ணமி வந்தால் அங்கத்துப் பௌத்த விகாரையான பன்சலையைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். அங்கே போயா என்கிற பௌர்ணமி நாளில் பக்கத்து ஊர்ச் சிங்களப் பெண்கள் வெள்ளை உடுத்தி, நாள் முழுக்கச் சில் என்ற விரதம் எடுத்து உட்கார்ந்திருப்பார்களாம். “ஒண்ணும் கேக்க மாட்டாங்க, சும்மா உக்காந்திருப்பாங்க” என்று ஆச்சரியமாகச் சொல்வார்.

எனக்குத் தெரிந்த நுகர்வு அட்டைக்கடி. மழைக்காலத்தில் நிரையில் நிற்கும்போது அட்டை கடிப்பது தெரியவே தெரியாது. ரத்தம் வந்த பிறகுதான் பார்ப்போம். மறுநாள்தான் அரிப்பு. அரிப்பு வந்ததும் கை தானாகப் போய்விடும், சொறிந்தால் புண். ஒருநாள் இரண்டு கையிலும் கொழுந்து இருந்ததால் சொறிய முடியவில்லை. வேறு வழியில்லாமல் அந்த அரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறியது, ஏறியது, இனிமேல் தாங்காது என்ற இடத்துக்குப் போனது, அப்புறம் தானாக இறங்கிவிட்டது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. ஆசிரியை அம்மா சொன்ன நூலிழை இடம் இதுதானா?

குன்னூர் தமிழாசிரியை | ஞாயிறு, மாலை 6:40

அதேதான் கண்ணு. நான் இவ்வளவு நீளமாக எழுதியதை நீ அட்டைக்கடியில் சொல்லிவிட்டாய்.

பர்லியார் வளைவு | திங்கள், இரவு 10:20

மேட்டுப்பாளையம் – குன்னூர் ரூட்டில் பேருந்து ஓட்டுகிறேன். பதினாலு கொண்டை ஊசி வளைவு. புத்தர் சொன்ன கதை ஒன்றை முகாமில் பழைய மாணவர் ஒருவர் சொன்னார், அன்றிலிருந்து அது என் கதை. நாட்டிலேயே பெரிய அழகி ஆடிக்கொண்டிருக்கிறாள், கூட்டம் அலைமோதுகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவன் தலையில் விளிம்பு வரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தோடு நடக்க வேண்டும். பின்னால் வாளோடு ஒருவன் வருகிறான், ஒரு சொட்டுச் சிந்தினால் தலை போகும். அவன் அழகியைப் பார்ப்பானா, பாத்திரத்தைப் பார்ப்பானா? உடம்பின் மேல் வைக்கும் கவனம் அப்படி இருக்க வேண்டும் என்கிறார் புத்தர். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்தில் இறங்கும்போது எனக்கு அந்தப் பாத்திரம் தலையில் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வண்டி ஓட்டும்போது யாரும் உடம்பு உணர்வைத் தேடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். வண்டி ஓட்டும்போது வண்டி ஓட்டுவதுதான் கவனம். பிரேக்கில் கால், ஸ்டியரிங்கில் கை, கண் ரோட்டில்.

தூக்கத்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை அண்ணா. தியானத்துக்கு வரும் ஐந்து தடைகளில் மூன்றாவது, தீன மித்தம் (சோர்வும் தூக்கமும்) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். புத்தரின் பெரிய சீடர் மொக்கல்லானரே உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்திருக்கிறார். புத்தர் அவரைத் திட்டவில்லை, வரிசையாக வழி சொன்னார். தூக்கம் வரவைத்த அந்த நினைப்பை மாற்று. படித்ததை மனத்தில் ஓட்டிப் பார், சத்தமாகச் சொல். காதுமடலை இழுத்துவிடு, கை காலைத் தேய். எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி, நாலு திசையும் பார், நட்சத்திரங்களைப் பார். வெளிச்சத்தை நினை. நட. இதற்கெல்லாம் போகாவிட்டால் வலப்பக்கம் சாய்ந்து படு. நம்ம ஊரில் 4:30க்கு வெளியே வந்து முகத்தில் குழாய்த் தண்ணீரை அடித்தால் போதும், நட்சத்திரமும் கூடவே தெரியும். முதல் வேலையாகக் கம்பளியைத் தலைக்கு மேல் போர்த்துவதை நிறுத்துங்கள். தோள் வரை போதும்.

முழங்கால் வலியைப் பொறுத்தவரை என் கருத்து, ஒரு மணி நேரத்தை விடாதீர்கள். அசையாமல் உட்கார்ந்தால்தான் அரிப்பு ஏறி இறங்குவதைப் பார்க்க முடியும், தங்கச்சி சொன்ன மாதிரி.

ஊட்டி செவிலி | செவ்வாய், காலை 7:15

கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. இருபது வருடமாக வார்டில் இருக்கிறேன். மரத்துப்போவது வேறு, மூட்டில் கோளாறு வேறு. எழுந்து நடந்த பிறகும் வலி நீடித்தால், வீங்கினால், அது நுகர்வைப் பற்றிய பாடம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். முகாமிலேயே முடியாதவர்களுக்கு நாற்காலி போடுகிறார்கள்.

இன்னொன்றும் இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், நேரே பத்து நாள் மௌனத்துக்குப் போகாதீர்கள். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்கிறார்கள், மறைக்காமல் எழுதுங்கள். பத்து நாள் தன்னோடு தனியாக இருக்கும்போது உள்ளே அடைத்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும். சிலருக்குத் தூக்கம் போய்விடும், பயம் கூடிவிடும். மருந்தை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. தொடங்க வேண்டும் என்றால் பத்து நிமிடம் மூச்சு, அதுவும் தெரிந்தவர் துணையோடு.

இதைச் சொல்வதால் நான் இதற்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். 1979ல் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தீராத வலிக்காரர்களுக்காகப் பயிற்சி தொடங்கியதே இந்தக் கவனத்தை வைத்துத்தான். எனக்குப் பிடித்தது புத்தர் சொன்ன இரண்டு அம்பு. முதல் அம்பு உடம்பில் படுகிறது. ஐயோ எனக்கா, ஏன் எனக்கு, இனிமேல் என்ன ஆகும் என்று அதன்மேல் நாமே இரண்டாவது அம்பைக் குத்திக்கொள்கிறோம். இரவு டூட்டியில் இரண்டாவது அம்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதல் அம்புக்கு ஊசி போட முடியும். இரண்டாவதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

பர்லியார் வளைவு | செவ்வாய், இரவு 9:55

நீங்கள் சொல்வது சரி அக்கா. வீங்கினால் நாற்காலிதான். நான் மரத்துப்போவதை மட்டும் மனத்தில் வைத்து எழுதிவிட்டேன்.

மேல்குந்தா | புதன், காலை 11:00

ஒரு சந்தேகம். இதற்குப் போனால் மதம் மாறச் சொல்வார்களா? எங்கள் வீட்டில் அந்தப் பயம் இருக்கிறது.

கட்டபெட்டுக்காரன் | புதன், மதியம் 12:40

இல்லைங்க. கொலை, களவு, பொய், போதை, காமம் இந்த ஐந்தையும் அங்கே இருக்கும் வரை விட வேண்டும். முதல் நாள் பாலியில் புத்தம், தம்மம், சங்கம் சரணம் என்ற திரிசரணம் சொல்லச் சொல்வார்கள், அந்தப் பத்து நாளும் வேறு ஜபம், பூஜை வேண்டாம் என்பார்கள். முடிந்ததும் நம் வழியில் நாம். கட்டணமும் இல்லை, முன்பு பயின்றவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. நான் இந்த வருடமும் பேரகணி ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்திப் போய்த்தான் வந்தேன்.

இந்த முகாம்களைத் தொடங்கிய கோயங்காவும் அப்படித்தானே. மாண்டலேயில் பிறந்த இந்து வியாபாரக் குடும்பத்துக்காரர், தீராத ஒற்றைத் தலைவலிக்காக 1955ல் விபசனா ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனார். அந்த ஊ பா கின் துறவி இல்லை, பர்மா அரசாங்கத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி. எனக்கு அது பெரிய தைரியம். குடும்பம், வேலை, கணக்கு வழக்கோடு ஒருவர் இதைச் செய்திருக்கிறார்.

குன்னூர் தமிழாசிரியை | புதன், மாலை 5:20

பயப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ஆனால் பௌத்தம் நமக்கு அந்நியம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்தது இந்த நீலகிரியில். 1870களில் அவர் முதலில் ஒரு சபை தொடங்கியதும் இங்கேதான், அத்வைதானந்த சபை என்று. 1898ல் தியசாபிகல் சங்கத்து ஆல்காட்டோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஊட்டிக்கு வருகிறவர்களுக்குப் பூங்காவும் ஏரியும் தெரிகிறது, இது தெரிவதில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

பெருமாள்மலை | புதன், இரவு 8:30

பழனி மலையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரில் ஏ.எம்.ஏ. சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. அவர் ஜப்பானில் யமாதா கோவுனிடம் ஜென் பயின்றவர். அங்கே கண்ணை மூடுவதில்லை, பாதி திறந்து தாழ்த்தி வைத்திருப்போம். கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் மணி அடிக்கும், எழுந்து வரிசையாக மெதுவாக நடப்போம், மறுபடி உட்காருவோம். தூங்கி விழும் நண்பருக்கு அந்தப் பாதிக் கண்ணும் நடையும் உதவலாம். வழி வேறு, ஆனால் “கிடைத்துவிட்டதா” என்று தேடும் மனத்தை அங்கேயும் விடச் சொல்கிறார்கள்.

பர்லியார் வளைவு | புதன், இரவு 10:05

நல்ல தகவல். ஆனால் கட்டபெட்டு அண்ணா, இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு வருடமாவது ஒரே வழியில் நில்லுங்கள். தூக்கம் வந்தால் எழுந்து நடங்கள், அது எல்லா வழிக்கும் பொது.

கட்டபெட்டுக்காரன் | 25 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், ஆனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கம்பளியைத் தோளோடு நிறுத்திவிட்டேன். முகம் கழுவிவிட்டு வாசலில் ஐந்து நிமிடம் நிற்கிறேன். தூக்கம் பாதியாவது குறைந்திருக்கிறது. மூட்டையும் காட்டினேன், பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மடித்து உட்காருவதைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது முக்காலியில் உட்காருகிறேன். உட்காரும்போது இதமா, இதமில்லையா, சும்மாவா என்று மட்டும் பார்க்கிறேன். சும்மா இருக்கும் இடங்கள் உடம்பில் எவ்வளவு அதிகம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஐந்து மாதமாக அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மறுபடி எடையில் கழித்தார்கள். அமைதியாக இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே, பாதி வாக்கியத்தில், என் நெஞ்சில் இருக்கும் சூடு தெரிந்தது. தாடை இறுகியிருந்தது, உள்ளங்கை வேர்த்திருந்தது. அதைப் பார்த்ததும் மீதி வாக்கியம் வரவில்லை. எடை போடுகிற பையன் முகம் தெரிந்தது. இருபது வயதுதான் இருக்கும், அவனே பயந்துபோய் நின்றான். கழிவுக்கு என்ன கணக்கு, எழுதிக் கொடு என்று சாதாரணக் குரலில் கேட்டேன். இனிமேல் ஈர இலைக்கும் காய்ந்த இலைக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கப் போகிறேன். நியாயத்தை நான் விடவில்லை. சூடு இறங்கப் பத்து நிமிடம் ஆனது, வண்டியில் உட்கார்ந்து அதையும் பார்த்தேன்.

மகளிடம் அன்று ராத்திரி இதைச் சொன்னேன். “அப்ப நாளைக்கு நானும் உங்க பக்கத்துல உட்காரட்டுமா?” என்றாள். ஐந்து நிமிடம் மூச்சைப் பார்த்தாள், ஆறாவது நிமிடம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மீதி நேரம் அந்தக் கனத்தையே கவனித்தேன்.

இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை எங்கள் வீட்டில் சேர்ந்து உட்காரலாமா? ஒரு மணி நேரம், அப்புறம் டீ.

கொழுந்து | ஞாயிறு, இரவு 8:50

எனக்கு வர ஆசை அண்ணா. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை, பரவாயில்லையா? முதல் பஸ் பிடித்தால் ஏழு மணிக்குக் கட்டபெட்டு வந்துவிடுவேன்.

கட்டபெட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9:05

பத்து நிமிடம் போதும் தங்கச்சி, மற்ற நேரம் வாசலில் நடக்கலாம். 7:15 என்று வைத்துக்கொள்வோம். முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கம்பளி கொண்டு வந்துவிடுங்கள். கீழ்த் தோட்டத்துக் குறுக்கு வழியில் மட்டும் வர வேண்டாம், இரண்டு நாளாகக் காட்டெருமை அங்கேதான் நிற்கிறது.